சிற்றிசன் எடுத்தவனை எப்பிடி அனுப்புவினம்?

ஸ்காபரோவில் குற்றவியல் வழக்குகள் எடுக்கும் சட்டத்தரணி எவரையும் கேட்டுப் பாருங்கள். அமெரிக்கா ஒருவரைக் கேட்டு, விடியப்புறம் பொலிஸ் வந்து ஆளைக் கொண்டுபோன வீட்டிலிருந்து வரும் முதல் தொலைபேசி அழைப்பில் இந்தக் கேள்வி இல்லாமல் இருக்காது. "பிள்ளை, அவன் சிற்றிசன் எடுத்து எத்தினையோ வருசம். அவனை எப்பிடி அங்கை அனுப்புவினம்?" அதில் சந்தேகம் இருக்காது, கோபம்தான் இருக்கும். எங்கோ பிழை நடந்துவிட்டது, நீதிபதிக்குக் கடவுச்சீட்டைக் காட்டினால் பின்னேரத்துக்குள் விட்டுவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டு கேட்பார்கள்.

அந்த நம்பிக்கையில் பாதி சரி. 1983க்குப் பிறகு கனடாவுக்கு வந்து சேர்ந்த எங்கள் சனத்துக்குக் குடிவரவுச் சட்டம் மனப்பாடம். அகதிக் கோரிக்கை, பி.ஆர். என்ற நிரந்தர வதிவிடம், பிறகு சிற்றிசன். பி.ஆர். உள்ளவர் பெரிய குற்றம் செய்தால் நாடுகடத்தலாம். சிற்றிசன் ஆனவரை நாடுகடத்த முடியாது. பொய் சொல்லிக் குடியுரிமை எடுத்தார் என்று நிரூபித்து அதைப் பறித்தால் ஒழிய. இதெல்லாம் உண்மை. ஆனால் குற்றவாளி என்று இன்னொரு நாடு கேட்கும் ஒருவரை விசாரணைக்காக அந்த நாட்டிடம் ஒப்படைப்பது வேறு சட்டம். 1999ல் வந்த ஒப்படைப்புச் சட்டம் அது. உனக்கு இங்கே இருக்க உரிமை உண்டா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. நீ எங்கே போய் விசாரணைக்கு முகங்கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் கேள்வி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் குடும்பங்கள் முதல் மாதத்தை வீணாக்குவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அந்த மாதத்தில் பிணைக்கு ஆள் தேடியிருக்கலாம்.

பிணை கிடைத்தால் அதன் முதல் நிபந்தனைகளில் ஒன்று, எல்லாக் கடவுச்சீட்டுகளையும் பொலிஸிடம் கொடுக்க வேண்டும் என்பது. கவசம் என்று நம்பியிருந்த நீலப் புத்தகம்தான் முதலில் கைவிட்டுப் போகும். அதோடு அம்மாவோ மாமாவோ மார்க்கம் நகரில் உள்ள வீட்டை ஈடுகாட்டிப் பிணை நிற்க வேண்டும். அப்போதுதான் விஷயத்தின் பாரம் வீட்டாருக்கு விளங்கும்.

இனி நடைமுறை. கேட்கும் நாட்டின் வேண்டுகோள் ஒட்டாவாவில் நீதித் திணைக்களத்துக்கு வரும். வழக்கைத் தொடரலாம் என்று நீதி அமைச்சரின் பெயரில் ஓர் ஆவணம் பிறக்கும். பிறகு ரொறன்ரோவில் யூனிவர்சிட்டி அவெனியூ 361இல் உள்ள மேல் நீதிமன்றத்தில் விசாரணை. விசாரணை என்ற சொல்லைக் கேட்டு ஏமாறக் கூடாது. சாட்சிகள் வரமாட்டார்கள். அமெரிக்க வழக்குத்தொடுநர் ஒருவர், எங்களிடம் இன்ன சான்றுகள் இருக்கின்றன என்று சுருக்கி எழுதி உறுதிப்படுத்திய கோவை ஒன்று வரும். அதே செயல் கனடாவில் நடந்திருந்தால் ஆளை வழக்குக்கு நிறுத்தப் போதுமா, கேட்கப்பட்டவர் இவர்தானா என்பதைத்தான் நீதிபதி பார்ப்பார். குடியுரிமை பற்றி அந்த அறையில் பேச இடமே இல்லை. 2001ல் குவோக் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: குடிமகன் என்ற வாதத்தை அமைச்சர் முடிவெடுக்கும் கட்டத்தில் கொண்டுபோ. நீதிபதி ஆளைத் தடுத்துவைக்கக் கட்டளையிட்டதிலிருந்து 30 நாளுக்குள் அமைச்சருக்கு எங்கள் வாதங்களை எழுத வேண்டும். அமைச்சர் 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சிற்றிசன் என்ற பேச்சுக்குச் சட்டத்தில் உயிர் வருவது அந்தக் கடிதத்தில்தான்.

உரிமைச் சாசனத்தின் 6(1) பிரிவு, கனேடியக் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் நாட்டுக்குள் வரவும், இங்கே இருக்கவும், வெளியே போகவும் உரிமை தருகிறது. இங்கே இருக்கும் உரிமை உள்ளவரை எப்படிப் பிடித்து அனுப்பலாம் என்ற வாதத்தை முதலில் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனவர் மொன்றியல் மாஃபியா ஆள் ஃபிராங்க் கொட்ரோனி. அமெரிக்காவில் ஹெரோயின் விற்கச் சதி செய்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் தன் பங்கைச் செய்தபோது கனடாவை விட்டு நகரவே இல்லை. 1989 ஜூனில் தீர்ப்பு வந்தது. ஒப்படைப்பது குடிமகனின் உரிமையை மீறத்தான் செய்கிறது, ஆனால் குற்றத்தை ஒடுக்குவதற்காக அது நியாயமான மீறல் என்றது பெரும்பான்மை. நீதியரசர் பேர்தா வில்சன் மாறுபட்டார். செயல் முழுவதும் கனடாவில் நடந்து, இங்கேயே வழக்குப் போடவும் முடியுமென்றால் குடிமகனை ஏன் வெளியே தள்ள வேண்டும் என்பது அவருடைய பக்கம். எனக்கு இன்றைக்கும் வில்சன் சொன்னதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் என் விருப்பத்தை வைத்து யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு குடிமகன் ஒருவரை அனுப்பும் முன் ஒரு பட்டியலைப் பார்க்கிறார்கள். எங்கள் வட்டத்தில் அதற்குப் பெயரே கொட்ரோனி மதிப்பீடு. பாதிப்பு எந்த நாட்டில் விழுந்தது, எந்தப் பொலிஸ் வழக்கைக் கட்டியது, சான்றுகள் எங்கே கிடக்கின்றன, கூட்டாளிகள் எங்கே, எந்த நாடு வழக்குக்குத் தயாராக நிற்கிறது, ஆள் எந்த நாட்டவர், எங்கே வாழ்கிறார். கேட்கப்பட்டவரின் நாட்டுரிமை அந்த நீண்ட வரிசையில் ஒன்று மட்டுமே. அமெரிக்கப் பொலிஸ் கட்டி எழுப்பி, அமெரிக்காவில் குற்றப்பத்திரிகை போட்டு, சாட்சிகளும் அங்கேயே இருக்கும் வழக்கில் மற்ற எல்லா வரிகளும் தெற்குப் பக்கமே சாயும். கனடா ஏன் வழக்குப் போடவில்லை என்று கேட்டால், அமெரிக்கா ஏற்கெனவே போட்டுவிட்டதே என்று பதில் வரும். இந்த வட்டத்தை உடைக்க நான் எழுதிய பக்கங்களை அடுக்கினால் ஒரு மேசை நிறையும்.

எங்கள் சமூகத்தில் பலருக்கு நினைவிருக்கும் வழக்கும் இதே இடத்தில்தான் முட்டியது. புலிகளுக்கு உதவினார்கள் என்று அமெரிக்கா கேட்டு 2006ல் கைதான தமிழ் இளைஞர்களின் மேன்முறையீட்டை 2012 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கனடாவிலேயே விசாரிக்கலாமே, நாங்கள் இந்த நாட்டுக் குடிமக்கள் என்ற வாதத்துக்கு, கொட்ரோனியைச் சுட்டிக்காட்டி, அமைச்சரின் முடிவில் தலையிடக் காரணம் இல்லை என்றது. அன்றைக்கு ஸ்காபரோவில் என்னிடம் வந்த ஒரு முதியவர், "அப்ப இந்தச் சிற்றிசன் பேப்பருக்கு என்ன பெறுமதி?" என்று கேட்டார்.

பெறுமதி உண்டு. ஆனால் அது ஆட்கள் தேடும் இடத்தில் இல்லை. போவதை அது தடுக்காது. திரும்பி வருவதைத்தான் அது உறுதிசெய்கிறது. இதை நான் சட்டப் புத்தகத்தில் படித்தபோது சரியாக உணரவில்லை. இரண்டு பொடியன்களின் வழக்கில்தான் உணர்ந்தேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்.

வங்கி அட்டை மோசடி. ஒரே குற்றப்பத்திரிகை, ஒரே குற்றச்சாட்டு, இருவரும் சிநேகிதர்கள். ஒருவர் சிற்றிசன். மற்றவர் சிறு வயதில் அகதியாக ஏற்கப்பட்டு, பி.ஆர். எடுத்து, சிற்றிசனுக்கு விண்ணப்பிக்கப் பஞ்சிப்பட்டு விட்டவர். இருவரையும் நீதிபதி ஒன்றாகவே தடுத்துவைத்தார். இருவரையும் அனுப்ப அமைச்சர் ஒப்பமிட்டார். சிற்றிசனுக்கு வந்த கடிதத்தில் 6(1) பற்றிச் சில பக்கங்கள் கூடுதலாக இருந்தன. முடிவு ஒன்றுதான். அதுவரை வேறுபாடு அந்தக் காகிதத்தின் தடிப்பு மட்டுமே.

தண்டனை முடிந்த பிறகுதான் பாதைகள் பிரிந்தன. சிற்றிசன் பஃபலோவில் பாலத்தைக் கடந்து வந்தார். கனடா அவரை மறுக்க முடியாது. தாயார் ஃபோர்ட் ஈரியில் காரோடு நின்றார். மற்றவரை அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகள் தங்கள் தடுப்புக்கு மாற்றினார்கள். அவர்கள் பார்ப்பது ஆள் எந்த நாட்டுக் குடிமகன் என்பதை. அவரிடம் இருந்தது இலங்கைக் குடியுரிமை மட்டும். கொழும்புக்கு அனுப்பப் பயண ஆவணம் எடுக்கும் வேலை தொடங்கிவிட்டது. எல்லைக்கு அப்பால் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, அகதியாக ஏற்கப்பட்டவர் என்ற பழைய கடிதத்தைத் தேடி எடுத்து, அதை நிறுத்தினோம். கடைசியில் கனடா அவரை உள்ளே விட்டபோது, வெளிநாட்டில் பாரதூரமான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் என்ற அறிக்கையோடு இங்குள்ள குடிவரவு அதிகாரிகள் காத்திருந்தார்கள். அந்த வழக்கு முதல் வழக்கைவிட நீளமாகப் போனது.

அகதிகள் விஷயத்தில் 2010ல் நேமெத் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல வரம்பு போட்டது. அகதி என்று ஏற்கப்பட்டவரை அவர் தப்பியோடி வந்த நாட்டிடமே ஒப்படைப்பது பற்றி அமைச்சர் சும்மா முடிவெடுக்க முடியாது, அங்கே துன்புறுத்தல் ஆபத்து இன்னும் இருக்கிறதா என்று சரியாக எடைபோட வேண்டும். சொல்லப்போனால், தன் சொந்த நாட்டை எதிர்த்து நிற்கும் அகதிக்கு, அமெரிக்காவை எதிர்த்து நிற்கும் குடிமகனைவிட ஒரு விதத்தில் வலுவான வாதம் இருக்கிறது.

திரும்பும் உரிமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பேர்ன்ஸ் வழக்கு ஒன்றே போதும். வாஷிங்டன் மாநிலத்தில் 1994ல் நடந்த கொலைகளுக்காக அமெரிக்கா கேட்ட இரண்டு கனேடிய இளைஞர்கள். மரண தண்டனை கேட்கமாட்டோம் என்ற உறுதிமொழி வாங்காமலே அவர்களை அனுப்பக் கனடா முடிவெடுத்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 6(1) பிரிவை வைத்தே தடுத்தது. கொல்லப்பட்ட குடிமகன் எப்படித் திரும்பி வருவான் என்பதுதான் அதன் சாரம். 2001ல் உச்ச நீதிமன்றம் வேறு பிரிவில், உயிர் வாழும் உரிமையில், முடிவை நிறுத்தி, விதிவிலக்கான சந்தர்ப்பம் தவிர மற்ற எல்லாவற்றிலும் உறுதிமொழி கட்டாயம் என்றது. அந்தப் பாதுகாப்பு இப்போது குடிமகனுக்கு மட்டுமல்ல, கனடா ஒப்படைக்கும் எல்லோருக்கும். எனக்கு அது மகிழ்ச்சி. ஆனால் குடியுரிமை வாதம் வென்ற இடத்திலிருந்து உடனே இறக்கப்பட்டதும் அங்கேதான்.

வரும் உரிமை இருக்கிறது என்பதால் தண்டனையை இங்கே வந்து கழிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்ட டிவிட்டோ என்ற கனேடியக் குடிமகன், மீதித் தண்டனையைக் கனடாச் சிறையில் கழிக்கக் கேட்டார். பொதுப் பாதுகாப்பு அமைச்சர் மறுத்தார். 2013ல் உச்ச நீதிமன்றம், நாட்டுக்குள் வரும் உரிமை என்பது கைதியாக மாற்றிக் கொண்டுவரும்படி கேட்கும் உரிமை அல்ல என்றது. கேட்கலாம், கிடைக்கவும் செய்யும். கிடைத்தே தீரும் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இத்தனையும் கனடாக் கதை. பாரிஸில் இருக்கும் தம்பிக்கு இதில் ஒன்றும் பொருந்தாது. என்னிடம் வந்த இன்னொரு குடும்பத்தில் அண்ணன் இங்கே, தம்பி பாரிஸ் புறநகரில். இருவரையும் அமெரிக்கா ஒரே வழக்கில் கேட்டது. அண்ணனை அனுப்பிவிட்டார்கள். தம்பியைப் பிரான்ஸ் அனுப்பவில்லை. பிரெஞ்சுச் சட்டம் தன் குடிமகனை ஒப்படைக்க விடாது. குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் அவர் பிரெஞ்சுக்காரராக இருந்தாரா என்பதுதான் கணக்கு. பிறகு ஓடிப்போய்க் கடவுச்சீட்டு எடுத்தால் பயனில்லை. தாயாருக்கு இது விளங்கவே இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த ரெண்டு பேருக்கு ரெண்டு சட்டமா என்றார்.

காரணம் பழையது. பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து போன்ற நாடுகளின் சட்டங்கள் தங்கள் குடிமகன் உலகத்தில் எங்கே பெரிய குற்றம் செய்தாலும் அவனைத் தாங்களே விசாரிக்கலாம் என்று வைத்திருக்கின்றன. அதனால் அனுப்ப வேண்டிய தேவை இல்லை என்பது அவர்களின் நிலை. ஜேர்மனியில் அது அரசியலமைப்பின் 16வது உறுப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் சர்வதேச நீதிமன்றங்களுக்கும் மட்டும் 2000ல் ஒரு வாசல் திறந்தார்கள். சுவிஸ்காரரை அவருடைய சம்மதம் இல்லாமல் அனுப்ப முடியாது. ஆங்கிலேயச் சட்டத்தில் வளர்ந்த பிரிட்டன், கனடா, அமெரிக்கா போன்றவை மரபாகக் குற்றம் நடந்த மண்ணில்தான் வழக்கு என்று நிற்பவை. வெளிநாட்டில் நடந்ததை இங்கே விசாரிக்க வழி குறைவு. அனுப்பாவிட்டால் ஆள் தண்டனையே இல்லாமல் திரிவான். ஆகவே சொந்தக் குடிமகனையும் அனுப்புகின்றன.

பாரிஸ் தம்பி தப்பினார் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்கா கேட்டுக்கொண்டால் பிரான்ஸே அவர்மேல் வழக்குப் போடலாம். அதைவிட, பிரான்ஸின் எல்லைக்கு வெளியே கால் வைத்தால் அவர் வெறும் பயணி. லண்டனில் விமானம் மாறும்போது பிடித்தால் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு ஒன்றும் செய்யாது. அண்ணன் மகளின் கலியாணம் ஸ்காபரோவில் நடந்தபோது அவர் வீடியோவில் பார்த்தார். ஜப்பானிலிருந்து 2019 கடைசியில் தப்பி லெபனானுக்குப் போன நிசான் முன்னாள் தலைவர் கார்லோஸ் கோனும் இதே நிலையில்தான் இருக்கிறார். லெபனான் தன் குடிமகனை ஒப்படைக்காது. ஆனால் லெபனானை விட்டு அவர் எங்கே போவார்?

பிரான்ஸ் என்றால் எனக்குக் கோபம் வருவது இந்தத் தம்பிக்காக அல்ல. ஒட்டாவாவில் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த ஹசன் தியாப் என்ற கனேடியக் குடிமகனைப் பிரான்ஸ் கேட்டது. பாரிஸ் கொப்பேர்னிக் வீதி யூதத் தொழுகைக்கூடத்துக்கு முன்னால் 1980ல் வெடித்த குண்டு, நான்கு பேர் இறந்தார்கள். 2008ல் கைது. வழக்கு பலவீனமானது என்று சொல்லிக்கொண்டே ஒன்ராறியோ நீதிபதி 2011ல் அவரை ஒப்படைப்புக்காகத் தடுத்துவைத்தார், சட்டம் வேறு வழி விடவில்லை என்று. 2014 நவம்பரில் அனுப்பினார்கள். மூன்று வருடத்துக்கு மேல் சிறை. விசாரணையே நடத்தாமல் 2018 ஜனவரியில் விடுவித்தார்கள், கனடா திரும்பினார். பிறகு மேல்முறையீட்டில் அந்த விடுவிப்பு கவிழ்ந்து, 2023ல் அவர் இல்லாமலே ஆயுள் தண்டனை விதித்தார்கள்.

இதே காலத்தில் கனடா பிரான்ஸிடம் ஒருவரைக் கேட்டது. ஆர்க்டிக்கில் நீண்டகாலம் ஊழியம் செய்த கத்தோலிக்கப் பாதிரியார் ஜொஹானஸ் ரிவுவார். இனுயிட் சிறுவர்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார் என்று குற்றச்சாட்டு. அவர் மறுத்தார். 1993ல் கனடாவை விட்டுப் போனவர். இனுயிட் தூதுக்குழு பிரான்ஸுக்கே போய்க் கேட்டது. பிரெஞ்சுக் குடிமகனை ஒப்படைப்பதில்லை என்று 2022 அக்டோபரில் பிரான்ஸ் கையை விரித்தது. 2024 ஏப்ரலில் விசாரணை எதுவும் இல்லாமல் அவர் இறந்தார். தன் ஆளைத் தராத நாட்டுக்கு எங்கள் ஆளைப் பலவீனமான கோவையை வைத்து அனுப்பினோம். இதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

இருந்தும், குடிமக்களை அனுப்பவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். சொல்ல முடியாதபடி செய்தது ஜஸ்ஸி சித்துவின் வழக்கு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிறந்து வளர்ந்த பெண். குடும்பம் விரும்பாத ஒருவரை மணந்து 2000 ஜூனில் பஞ்சாபில் கொல்லப்பட்டாள். ஏவினார்கள் என்று இந்தியா கேட்டது அவளுடைய தாயையும் மாமனையும். இருவரும் கனேடியக் குடிமக்கள். 2012ல் கைதான அவர்களை அனுப்ப 2019 ஜனவரி ஆனது. உச்ச நீதிமன்றத்தில் சண்டை இந்தியச் சிறையின் நிலைமை, மருத்துவம், இந்தியா தந்த உறுதிமொழிகள் பற்றியே நடந்தது. கனேடியத் தூதரக அதிகாரிகள் அவர்களைச் சிறையில் போய்ப் பார்க்கலாம் என்பதும் அந்த உறுதிமொழிகளில் ஒன்று. குடியுரிமை அங்கே கொடுத்தது அந்தச் சந்திப்பைத்தான். சாட்சிகளும் சடலமும் பஞ்சாபில் இருக்க, கொலை வழக்கைக் கனடாவில் எப்படி நடத்துவது?

இடையில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் பிரச்சினை கிளம்புகிறது என்று மணம் பிடித்தவுடன் சிற்றிசனுக்கு விண்ணப்பம் போட ஓடி வருகிறவர்கள் உண்டு. வெளிநாட்டில் குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தாலும், அது இங்கே பாரதூரமான குற்றத்துக்குச் சமமானால், குடியுரிமை கிடைக்காது. மறைத்து எடுத்தால் பறிப்பார்கள். அதைப்போல, பிணை கிடைக்காமல் உள்ளே இருக்கும் பொடியன் களைத்துப்போய் "நான் போறன், கையெழுத்து வைக்கிறன்" என்பான். கையெழுத்தில் வகை இருக்கிறது. ஒப்படைப்புக்குச் சம்மதித்தால், எந்தக் குற்றத்துக்காகக் கேட்டார்களோ அதற்கு மட்டுமே அங்கே விசாரிக்கலாம் என்ற பாதுகாப்பு கூடவே போகும். ஒப்படைப்பு நடைமுறையையே வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். இரண்டு தாள்களும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும்.

2023 ஜூனில் நாடாளுமன்றத்தின் நீதிக் குழு இந்தச் சட்டத்தைத் திருத்தச் சொல்லி ஓர் அறிக்கை கொடுத்தது. எங்கள் எம்.பி.மார் பொங்கலுக்கும் மாவீரர் நாளுக்கும் மேடைக்கு வருகிறார்கள். அடுத்த முறை வரும்போது அந்த அறிக்கை என்ன ஆனது என்று கேளுங்கள். தன் குடிமக்களைத் தராத நாடு எங்கள் குடிமகனைக் கேட்கும்போது, வழக்கு விசாரணைக்குத் தயாராக இருக்கிறதா என்பதையாவது முதலில் காட்டச் சொல்லும்படி சட்டத்தில் ஒரு வரி சேர்க்க முடியுமா என்றும் கேளுங்கள்.